வேண்டுமென்றே தவறாகப் போட்ட கலவைக் கணக்குகள்

கலவைக் கணக்கு எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லி என் கணவரை ஏமாற்றினேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல… ஏழு மாதம்! திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆன பின்னும் அந்தப் பொய் எங்கள் வீட்டில் சுகமாகக் குடியிருக்கிறது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் இருவரும் ஆம்பூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் ஷூ தைக்கும் பிரிவு. குமரேசன் தோலுக்குச் சாயம் கலக்கும் பிரிவு. நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒன்றாகப் போவோம். இருவருமே அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். அவர் மடியில் எப்போதும் வரலாற்றுப் புத்தகம் விரிந்திருக்கும். அந்தப் புத்தகத்தின் மீது எனக்கு எவ்வளவு பொறாமை!

என்ன செய்வது? ஒரு கணக்கை நீட்டினேன். முப்பது சதவீத அமிலம் கலந்த கரைசல் இருபது லிட்டர் இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் சேர்த்தால் அது இருபது சதவீதம் ஆகும்? பத்து லிட்டர் என்று பார்த்த கணமே எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள் நான்! ஆனால் வாயிலிருந்து வந்தது என்ன?

"பத்து பர்சென்ட் கம்மியாவணும்… இருபது லிட்டர்ல பத்து பர்சென்ட், ரெண்டு லிட்டர் தண்ணி ஊத்துனா போதுமாங்க?"

அவர் பதறிவிட்டார். "ஐயோ, எங்க டிரம்முல இப்படி ஊத்துனா பேஜாராயிடுங்க! இதப் பாருங்க. ஊத்துறது வெறும் தண்ணி. ஆசிட் அதே ஆறு லிட்டர்தான், மாறாது. தெரியாத தண்ணிக்கு எக்ஸ் வைங்க. இருபதும் எக்ஸும் சேர்ந்தா மொத்தம். அதுல அஞ்சுல ஒரு பங்குதான் இந்த ஆறு. அப்போ மொத்தம் முப்பது. எக்ஸ் இன்னா?"

"இன்னா?" என்றேன், ஒன்றும் அறியாதவளாய்.

வரலாற்றுப் புத்தகம் மூடப்பட்டது. என் உள்ளம் துள்ளிய துள்ளல்…!

அதன் பின் தினம் ஒரு கணக்கு. பாலும் தண்ணீரும், இரண்டு வகை அரிசி, இரண்டு வகைச் சாயம்… சரியான விடை உடனே வந்துவிடும். தவறான விடைக்குத்தான் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது! முட்டாள்தனமாகவும் இருக்கக் கூடாது. அவர் விளக்கம் பாதி வழியில் வாணியம்பாடியிலேயே முடிந்தும் போகக் கூடாது. ஆம்பூர் வரை தாங்க வேண்டும். காலையில் சோறு வடிக்கும்போதே அன்றைய தவறைத் தயாரித்துவிடுவேன்.

பக்கத்து இருக்கை ஷமீமுக்கு மட்டும் சந்தேகம். "இன்னாடி, தெனம் எக்ஸ கண்டுபுடிக்கிறீங்க… அது தெனம் தொலைஞ்சி போவுதா?"

தேர்வு முடிவு வந்தது. எனக்கு வேலூரில் அரசு அலுவலக வேலை. அவருக்குச் சில மதிப்பெண்களில் கை நழுவியது. வரலாற்றில்தான் சறுக்கல்… வேறெதில்? "வீட்டுக்கு ஒரு கவர்மெண்ட் உத்தியோகம் போதும்" என்று சிரித்தார். என்னைக் கைப்பிடித்தார். மீண்டும் சாயம் கலக்கப் போனார். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அவர் கண்ணில் படாமல் இன்றும் அம்மா வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது!

நான் குற்றவாளிதானே? அந்த ஒரு மணி நேரப் பயணம்தான் அவருக்குப் படிக்கக் கிடைத்த நேரம். அதை முழுவதும் நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஏழு மாதத்தைப் போல இன்பமான காலம் என் வாழ்வில் இல்லையே! வருந்தலாம் என்று உட்கார்ந்தால் சிரிப்பு வந்துவிடுகிறது… இது என்ன மனம்?

இந்த ஆண்டு வற்புறுத்தி அவரை மறுபடி விண்ணப்பிக்க வைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை படிக்கவும் உட்காரவைத்தேன். அவரோ ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "உனக்கு டச்சு வுட்டுப் போயிருக்கும். ஒரு கலவைக் கணக்கு போடு, பாக்கலாம்."

இனி நடிப்பில்லை என்று முடிவு செய்தேன். மூன்றே வரிகளில் சரியாகப் போட்டுக் கொடுத்தேன். இதைப் பார்த்தாவது அவருக்கு விளங்கட்டும்…

தாளை இருமுறை பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நான் சொல்லிக் குடுத்தத இன்னும் மறக்கலியே நீ!"

வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன், நம்புங்கள்! அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். மக்கன் பேடா இனிப்போடு திரும்பி, முதல் துண்டை என் வாயில் ஊட்டினார். பகல் முழுவதும் அந்தத் தாளையே எடுத்து எடுத்துப் பார்த்துப் பூரித்தார்.

அன்று அவர் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. நான் இன்னும் சொல்லவில்லை.