யோலேயின் ஜாடியும் நேரியோவின் துடுப்பும்

என் சமையலறை ஜன்னலில் சாய்ந்து கையை நீட்டினால், கப்பலில் போகிறவரின் தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துவிடுவேன். வருஷக்கணக்கில் என் காலைச் சாப்பாடே அப்படித்தான் நடந்தது.

சரி, இது கொஞ்சம் அதிகம். ரொட்டியை எடுத்ததில்லை. ஆனால் அதில் தடவியிருப்பது வெண்ணெயா ஜாமா என்று சொல்லிவிடுவேன். வெனிஸில், ஜுதெக்காத் தீவில், அகலமான கால்வாயைப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். தேவாலய மணிக்கூண்டைவிட உயரமான உல்லாசக் கப்பல்கள் எங்கள் வாசலை உரசிக்கொண்டுதான் கடலுக்குப் போய்வந்தன. கப்பல் வந்தால் வீட்டுக்குள் பொழுது இருட்டிவிடும். அலமாரியில் கோப்பைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். போன பிறகுதான், அங்கே ஒரு வானம் இருக்கிறதே என்று நினைவு வரும்.

எனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள் யோலே. ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் சலவைக்கூடத்தில் இடுப்பு ஒடிய வேலை பார்த்தவள். அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மகன் லோரிஸின் அறையை ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தாள். வருகிறவர்கள் எல்லோரும் மறுநாள் கப்பலேறப் போகிறவர்கள். ஆயிரம் வருஷத்து ஊரை மத்தியானத்துக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் பார்த்து முடித்துவிட வேண்டும் அவர்களுக்கு. பாலத்துக்குப் பாலம் பெட்டியைத் தூக்கி, வழி தப்பி, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து, சாயங்காலம் யோலேயின் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, அற்புதமான ஊர் என்பார்கள். யோலே கேட்பது ஒன்றுதான். எந்தக் கப்பல்?

லோரிஸ் வேலை பார்க்கிற கப்பல் என்றால் அன்றைக்கு அவர்களுக்குக் காப்பி இலவசம்.

லோரிஸ் என்னிடம் லத்தீன் படித்தவன். படித்தான் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அவன் அப்பா நேரியோ சரக்குப் படகுக்காரர். பீர் பெட்டி, சிமெண்டு மூட்டை, கல்யாணக் கட்டில் என்று இந்த ஊர் வாங்குவதெல்லாம் படகில்தானே வந்தாக வேண்டும். தனக்குப் பிறகு படகு மகனுக்கு என்பது நேரியோவின் கணக்கு. மகனோ ஒரு நாள் உல்லாசக் கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்துவிட்டான். வேறு எந்த வேலைக்குப் போயிருந்தாலும் நேரியோ பொறுத்திருப்பார். அந்தக் கப்பல்கள் எழுப்பும் அலையால் வீட்டு அஸ்திவாரம் அரிக்கிறது என்று சனிக்கிழமை தவறாமல் கொடியும் விசிலுமாகத் தன் பழைய சின்னப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு போய் எதிர்ப்பவர்களில் அவர் முதல் ஆள்.

“அந்தக் கப்பல்ல அடுப்பு பத்தவைக்கிறவன் என் படியில கால் வைக்க வேணாம்,” என்றார் அப்பா. “நீங்களா கூப்பிட்டா வர்றேன், கூப்பிடாம வரமாட்டேன்,” என்றான் மகன். இரண்டு பேருக்கும் ஒரே தாடை. அது அசைந்து நான் பார்த்ததில்லை, சாப்பிடும்போது தவிர.

அப்படித்தான் அந்த வேடிக்கை ஆரம்பித்தது. கோடை முழுக்கச் சனிக்கிழமைதோறும் மகனின் கப்பல் வீட்டு வாசலைத் தாண்டும். கீழே தண்ணீரில் நின்று அப்பா அதைப் பார்த்து விசில் ஊதுவார். மேலே ஜன்னலில் அம்மா இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பை விரித்து ஆட்டுவாள். கப்பலின் உச்சியில் நிற்கும் பயணிகள், வெனிஸ்காரர்கள் எவ்வளவு அன்பானவர்கள் என்று இரண்டு பேருக்கும் சேர்த்துக் கையசைப்பார்கள். மகன் எங்கேயோ அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத சமையல்கட்டில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பான். யோலேக்கு அது தெரியும். தெரிந்தும் ஆட்டுவாள்.

ஒரு தரம் துறைமுக வாசலுக்கே போனாள். காப்பி குடித்து முடிக்கிற நேரத்துக்கு விட்டார்கள் அவனை. ஏப்ரனோடு ஓடிவந்து நின்றவனை வீட்டுக்கு வாடா என்று இவள் கேட்க, அப்பா கூப்பிட்டாரா என்று அவன் கேட்க, காப்பி முடிந்துவிட்டது. கொண்டுபோயிருந்த சாவோர் ஜாடியைக் காவல்காரர்கள் உள்ளே விடவில்லை. வீட்டுச் சாப்பாடு கப்பலில் ஏறக்கூடாதாம்.

சாவோர் என்றால் பொரித்த மத்தி மீன், அதன்மேல் வினிகரில் வதக்கிய வெங்காயம், உலர்ந்த திராட்சை, பைன் விதை. அடுக்கடுக்காகப் போட்டு மூடி வைக்க வேண்டும். செய்த அன்றைக்குத் தின்கிறவன் எங்கள் ஊர்க்காரனாக இருக்கமுடியாது. ஒரு நாளாவது ஊற வேண்டும். அந்தக் காலத்தில் மாலுமிகள் வழிக்குக் கட்டிக்கொண்டு போனதும் இதுதான். அப்படிப்பட்ட பண்டத்தைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்றால் யோலே ஒத்துக்கொள்வாளா?

அன்றிலிருந்து விருந்தாளிகள் கையில் கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள். பெல்ஜியத்துக்காரர் ஒருவர் தனக்குத் தந்த பரிசென்று நினைத்து அன்றைக்கே மாடியில் உட்கார்ந்து தின்றுவிட்டார். காலையில் காலி ஜாடியை நன்றியோடு திருப்பிக் கொடுத்தார். மற்றவர்களிடமிருந்து காவல்காரர்கள் பிடுங்கினார்கள். அத்தனை மத்தியும் யார் வாங்கிவந்தது என்று நினைக்கிறீர்கள்? நேரியோதான். வெள்ளிக்கிழமை விடியலில் மீன் சந்தைக்குப் போய், மலிவா கிடைச்சுது என்று சொல்லி மேஜைமேல் வைப்பார். மத்தி எந்த வெள்ளிக்கிழமை மலிவாக இருந்தது, எனக்குத் தெரியாதா?

கடைசியில் நேரியோ பக்கம் ஜெயித்தது. மறு வருஷத்திலிருந்து பெரிய கப்பல்கள் இந்தக் கால்வாயில் வராது, வேறு துறைமுகம் என்று முடிவாகிவிட்டது. ஊரே கொண்டாடியது. யோலே மட்டும் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின நாள், கொரியாவிலிருந்து ஓக்-சூன் என்ற அம்மாளும் அவர் கணவரும் வந்தார்கள். ஊரைச் சுற்றிவிட்டு வந்த கணவர் வாசல் கல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இனி ஒரு பாலம்கூட ஏறமாட்டேன் என்று சைகையில் சொன்னார். ஓக்-சூன் நேரே சமையலறைக்கு வந்தார். மொழிபெயர்க்கும் போனை நடுவில் வைத்துக்கொண்டு பேசினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

“இது என் பையனுக்கு. கப்பல் சமையல்கட்டுல இருக்கான். குடுத்துடுவீங்களா?” என்றாள் யோலே.

ஓக்-சூன் மூடியைத் திறந்து முகர்ந்தார். “எப்பப் போட்டது?”

“இன்னைக்குக் காலைல. நாளைக்குத்தான் பதமா இருக்கும்.”

“அப்ப நாளைக்குக் குடுக்கறேன்.”

அந்தக் கேள்வியை அதுவரை எந்த விருந்தாளியும் கேட்டதில்லை. யோலே எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மூலையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த நேரியோவுக்கு அது தாங்கவில்லை. “வாசல்லயே பிடுங்கிடுவான். பாவம், அந்தம்மாவை ஏன் மாட்டிவிடறே?” என்றார்.

“நீ உன் விசிலைத் தேடி எடுத்து வை. நாளைக்கு ஊதணுமில்ல,” என்றாள் யோலே.

ஓக்-சூன் அதை எப்படி உள்ளே கொண்டுபோனார் என்று பிறகு தெரிந்தது. மூட்டுவலிக்குத் தடவுகிற மருந்து என்று போனைச் சொல்லவைத்தாராம். காவல்காரன் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, மறுபேச்சில்லாமல் பத்திரமாக மூடிக் கொடுத்துவிட்டானாம்.

மறுநாள் சாயங்காலம் கரை முழுக்கக் கூட்டம். தண்ணீர் முழுக்கச் சின்னப் படகுகள், கொடிகள், பாட்டு. இழுவைப் படகுகள் முன்னும் பின்னும் பிடித்துவர, கப்பல் மெதுவாக வந்தது. யோலே ஜன்னலில் விரிப்போடு நின்றாள். அவளிடம் இருந்ததிலேயே பெரியது அது. என் வீட்டு ஜன்னலில் நான்.

கப்பலின் வயிற்றில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, கயிறு கட்டுகிறவர்கள் நிற்கும் திறப்பு ஒன்று உண்டு. தலைக்கவசம் போட்ட ஆட்களுக்கு நடுவில் வெள்ளைச் சட்டை ஒன்று தெரிந்தது. லோரிஸ். கையில் ஜாடி. அதை உயரத் தூக்கி ஜன்னலைப் பார்த்துக் காட்டினான். பிறகு அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. நக்கித் துடைத்திருந்தான்.

கீழே நேரியோவின் படகு நின்ற இடத்தில், அவனுக்கும் அவருக்கும் நடுவில் வெறும் தண்ணீர்தான். விசில் அவர் வாயிலிருந்து நழுவி மார்பில் தொங்கியது. எழுந்து நின்றார். துடுப்பைத் தண்ணீரிலிருந்து உருவி, வானத்தைப் பார்த்து நெட்டுக்குத்தாக நிறுத்தினார்.

எங்கள் ஊரில் துடுப்பை அப்படி நிறுத்துவது மரியாதை செய்யத்தான். பந்தயத்தில் ஜெயித்து வருகிறவனுக்கு நிறுத்துவார்கள். கல்லறைத் தீவுக்குப் போகிற படகுக்கு நிறுத்துவார்கள். மந்திரி வந்தால் யோசிப்பார்கள். உல்லாசக் கப்பலுக்கு நிறுத்தியவர் அன்றுவரை யாரும் இல்லை. சுற்றியிருந்த படகுகளில் பாட்டு நின்றுவிட்டது.

“நேரியோ, புத்தி கெட்டுப்போச்சா? யாருக்கு மரியாதை பண்றே?” என்று பக்கத்துப் படகுக்காரர் கத்தியது எனக்கே கேட்டது.

“கப்பலுக்கு இல்ல,” என்றார் நேரியோ. துடுப்பை இறக்கவில்லை.

யோலே விரிப்பை ஆட்ட மறந்துபோனாள். அதைச் சுருட்டி வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கப்பல் கடந்து, திறப்பில் நின்ற வெள்ளைப் புள்ளி மறைந்து, எதிர்க்கரை மறுபடி தெரிந்த பிறகும் அப்படியே நின்றாள். அலமாரிக் கோப்பைகள் அடங்கின. அதற்குப் பிறகு அவை பேசவே இல்லை.

குளிர்காலத்தில், ஒப்பந்தம் முடிந்ததும் லோரிஸ் படியேறி வந்தான். அப்பா கதவைத் திறந்து, மலிவா கிடைச்சுது என்று மீன் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாராம். நாளைக்கு அவன் மறுபடி வேலைக்குப் போகிறான். இப்போது கப்பல் தூரத்தில் த்ரியஸ்தே துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது. எந்த ஜன்னலிலிருந்தும் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் எங்காவது கப்பல் சங்கு ஊதினால் யோலே இன்னும் தலையைத் தூக்குகிறாள், நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் திட்டில் ஒரு ஜாடி ஊறிக்கொண்டிருக்கிறது.

இதை அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். துடுப்பு வந்த இடத்தில் நேரியோ படகுக் கயிற்றைப் பார்த்துவருவதாக எழுந்து போய்விட்டார். யோலே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், அதனால் அவள் கண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. லோரிஸ் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான்.

“எல்லாம் சரி டீச்சர். ஆனா ஜாடியை நான் கவிழ்க்கவே இல்லை,” என்றான். “மூடி போட்டிருந்தது. உள்ள ரெண்டு மீன் இருந்தது. அப்பாவுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். கோர்ஃபுத் தீவு போற வரைக்கும் வச்சிருந்தேன். அப்புறம்தான் நானே தின்னேன்.”