உப்புப் பார்க்க வந்தவள்

"தண்ணி பாக்க இந்தியாவில இருந்து வந்தவவாம். அங்க தண்ணி இல்லையோ?"

மன்னாருக்கு வந்த புதிதில், கடையில் சோப்பு வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்று நீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சோதிப்பது என் வேலை. நாகர்கோவிலில் இருந்து அதற்காகத்தான் அனுப்பியிருந்தார்கள். இந்த வேலையில் கருவியால் தொல்லையில்லை. கேட்டைத் திறக்க வைப்பதுதான் பாடு. வாசல் வாசலாக நின்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தவர்களுக்கு இது புரியும்.

வயர்

கடற்கரைத் தெருவின் முதல் வீடு சூசை அண்ணனுடையது. மீன்பிடிக்கிறவர். எங்கள் நாட்டு இழுவைப் படகு ஒன்று அவர் வலையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. போதாததற்கு, வீட்டைச் சுற்றியுள்ள வளவுகளில் குழாய் இறக்கிப் பார்த்து மணல் தோண்ட ஆட்கள் வரப்போகிறார்கள் என்ற பேச்சு வேறு. அவர் மறுத்தால் தெருவே மறுக்கும். மாத முடிவுக்குள் அங்கே வேலை தொடங்காவிட்டால் திரும்பி வந்துவிடு என்றது அலுவலகம். எனக்குப் போக மனமில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

கருவியின் வயரைக் காட்டி விளக்கினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு வயரைக் கிணத்துக்க விடுவியள். நாளைக்குக் குழாயை வளவுக்க விடுவியள்."

சொதி

காரணம் இதுதான். சூசை அண்ணனின் தங்கை ரீற்றா அக்கா வீட்டில் அறை எடுத்திருந்தேன். புட்டு, கணவாய்க் கறி, தேங்காய்ப்பால் சொதி. ஒவ்வொரு அகப்பைக்கும் ஒரு கேள்வி வரும். சம்பளம் ஆர் தாறது? ஃபோனில எடுக்கிற படத்தை ஆருக்கு அனுப்புறீர்? நான் சொல்வதையெல்லாம் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். நான் எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அவருக்கு. சொதி நன்றாக இருந்ததால் இருவரும் தொடர்ந்தோம்.

ஒருநாள் மூன்றாம் முறை புட்டு கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொய் சொல்லுற ஆள் இவ்வளவு சாப்பிடாது, பிள்ளை."

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் தெரு அடங்கிவிடும். அந்த அமைதிக்காகவே கரையில் போய் உட்காருவேன். கையில் கருவி இருக்காது. அப்படியும் சூசை அண்ணன் வந்து நின்றார்.

"இண்டைக்கு என்னத்தை அளக்கிறியள்?"

"சும்மாதான் இருக்கேன், அண்ணே."

என்னைச் சுற்றியிருந்த மணலை ஒருமுறை பார்த்தார்.

"சும்மா இருக்கிறதுக்கும் சம்பளமோ?"

கறிக்கு

மறுநாள் காலை அவர் வள்ளம் கரைக்கு வந்தது. நான் பக்கத்தில் நின்றதால் "பிடியுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். பிடித்துத் தள்ளினேன். வள்ளம் மேலேறியதும் சூசை அண்ணன் ஒரு விளைமீனை என்னிடம் நீட்டினார். கிணற்றை விட்டுவிடச் சொல்லித் தருகிறாரோ என்று தோன்றியது. "நாங்க எதுவும் வாங்கக்கூடாது" என்றேன். அவர் மீனைத் திரும்ப வள்ளத்துக்குள் போட்டார்.

ரீற்றா அக்கா அன்று சோற்றைத் தட்டில் போட்ட வேகத்திலேயே செய்தி வந்துவிட்டது தெரிந்தது.

"லஞ்சமோ அது? வள்ளம் தள்ளின எல்லாருக்கும் கறிக்குக் குடுக்கிறது. வேண்டாம் எண்டால், உன்ர மீன் எனக்கு ஆகாது எண்டுதானே அர்த்தம்!"

அடுத்த நாள் விடியவே போய் நின்றேன். ஒருவரும் கூப்பிடவில்லை. நானாகவே தள்ளினேன். அவர் எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் ஏந்தினேன். ஒரு சின்ன மீன் வந்து விழுந்தது. அக்கா அதைக் குழம்பு வைத்தார். தலையை நான்தான் தின்றேன்.

சாயங்காலம் சூசை அண்ணன் அக்காவின் வாசலுக்கு வந்து, கருவியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்கு வரச் சொன்னார். கிணற்று மூடியைத் தானே தூக்கிச் சுவரில் சாய்த்தார். வயரை மட்டும் என் கையில் விடாமல், ஒரு நுனியைத் தன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல உள்ளே இறக்கினார்.