பெரியப்பா கடிவாளம் பிடித்த நாள்

எங்கள் உறவினர் கூடும் திருமண வீடுகளில் பெரியப்பாவின் குதிரைக் கதை இன்றும் வேடிக்கையாகச் சொல்லப்படுகிறது. குதிரைக்குச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டிய மனிதர் என்று சிரிப்பவர்கள், அதன்பின் நிகழ்ந்ததை விட்டுவிடுகிறார்கள். நேரில் கண்டவர்களுள் எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தியே. பாதிக் கதை முழுக் கதையாக நிலைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதிவைக்கிறேன்.

கண்டியில், கட்டுகலையில் எங்கள் வீடு. கீழே பெரியப்பாவின் துணிக்கடை, மேலே நாங்கள், பின்கட்டில் குதிரை. நாடு விடுதலை பெற்றபின், வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் புறப்படுமுன் தம் உடைமைகளை விற்றபோது, மற்ற வணிகர்கள் கதிரைகளும் அலுமாரிகளும் வாங்கிவந்தார்கள். பெரியப்பா மட்டும் துரையின் குதிரையை வாங்கிவந்து, அதற்கு ராஜா என்று பெயரிட்டார்.

அவர் ராஜாவை வளர்த்த முறை தனியானது. அதன்மேல் எவரும் ஏறக் கூடாது. வண்டியில் பூட்டக் கூடாது. எல்லாவற்றிலும் கண்டிப்பான விதி, கடிவாளம் பிடித்து அதனை எவரும் தெருவில் நடத்திச் செல்லக் கூடாது என்பது. சம்பளத்துக்கு அமர்த்திய ஆள் ஒருவர் உடம்பைத் தேய்த்துவிட்டு, கொள்ளும் வெல்லமும் வைப்பார். கடைக்கு வரும் பெருமக்களைப் பெரியப்பா பின்கட்டுக்கு அழைத்துச் சென்று காட்டுவார். அவர்கள் வியப்பார்கள், ராஜா நின்ற இடத்திலேயே மேலும் சற்றுப் பருக்கும்.

பெரியம்மாவுக்கு இது பிடிக்காது. "ஓடுற ஜீவனக் கட்டிப்போட்டு விருந்து வைக்கிறதுக்குப் பேரு பாசமாங்க? புல்லப் போட்டுக் கொஞ்சம் நடக்க விடுங்க" என்பார். பெரியப்பா காதில் வாங்கமாட்டார். அவருடைய அன்பைவிட மேலான அன்பு உலகில் இல்லை என்றே நான் நம்பினேன்.

எனக்கு எட்டு வயதானபோது வந்த மாட்டுப்பொங்கல். எங்களிடம் மாடு இல்லை. ஆகவே மாட்டுக்குரிய மரியாதைகள் யாவும் ராஜாவுக்கு நடந்தன. குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனமிட்டு, செவ்வந்தி மாலை சூட்டி, தலைவாழை இலையில் நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கலைப் பெரியப்பா தம் கையாலேயே ஊட்டினார். மாட்டுக்கு ஒரு கவளம் ஊட்டுவதே வழக்கம். ராஜா மூக்கை நீட்ட நீட்ட, அவர் பானையையே காலி செய்தார்.

நண்பகலுக்குள் ராஜா முன்காலால் தரையைக் கீறத் தொடங்கியது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது. பின்னர் முழங்கால் மடித்துச் சரிந்து, மாலையோடு மண்ணில் புரண்டது. உடலெங்கும் வியர்வை. குதிரையைப் பார்க்கும் ஆள் பண்டிகைக்காகப் புசல்லாவைக்குப் போயிருந்தார். பெரியப்பா வாடகைக் காரில் பேராதனைக்கு விரைந்து, கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துவந்தார்.

மருத்துவர் யாழ்ப்பாணத்தவர். ராஜாவின் வயிற்றில் கருவி வைத்துக் கேட்டார். மூக்கின் வழியே குழாய் செலுத்தி எண்ணெய் புகட்டினார். நிமிர்ந்தவர் கண்ணில் வாழையிலை பட்டது.

"பொங்கலோ குடுத்தனீங்கள்?"

"நாளுங்கெழமையுமாச்சே, டாக்டர் ஐயா."

"இது மாடில்லை ஐயா, அசை போட. குதிரைக்கு வாந்தி எடுக்கவும் ஏலாது. இப்பிடியே உருண்டால் குடல் முறுகிப் போடும், பிறகு நான் ஒண்டும் செய்யேலாது. எழுப்பி ரோட்டிலை நடத்துங்கோ. படுக்க மட்டும் விடாதையுங்கோ."

பெரியப்பா அசையவில்லை. "ஆளு நாளைக்கு வந்துருவான்."

"ஓம், நாளைக்கு ஆள் வரும். குதிரை இராது."

மருத்துவர் தாமே கடிவாளத்தைப் பற்றினார். ராஜா பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது; அவர் மயிரிழையில் தப்பினார். "என்னோடை வராது. உங்கட கைக்குத்தான் பழகியிருக்கு."

பெரியப்பா தம் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எங்க குடும்பத்துல யாரும் குதிரையப் புடிச்சிக்கிட்டு ரோட்டுல நடக்கமாட்டோம், ஐயா."

ராஜா மறுபடியும் முழங்கால் மடித்தது. அப்போதுதான் பெரியம்மா வெடித்தார்.

"மாமா நடந்தாரே! இந்த ராஜா வந்த அதே தோட்டத்துல, தொரை குதிரைக்குப் பக்கத்துல மூச்சிரைக்க ஓடி, பங்களா வாசல்ல கடிவாளத்தப் புடிச்சிக்கிட்டு மழையில நின்னாரே ஒங்கப்பா! அந்தச் சம்பளத்துலதானே வளந்தீங்க? அந்த வெக்கத்துக்கு இந்த வாயில்லாத ஜீவன் சாகணுமா?"

பெரியப்பா செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார், கடிவாளத்தைப் பிடித்தார். நாவை மேலண்ணத்தில் தட்டி ஓர் ஒலி எழுப்பினார். அவர் வாயிலிருந்து அத்தகைய ஒலியை நான் அதுவரை கேட்டதில்லை. ராஜா காதை நிமிர்த்தியது, தடுமாறி எழுந்தது.

பண்டிகை நாளாதலால் தெரு நிறைய மக்கள். சைக்கிள் கடைக்காரர் தம் வாசலிலிருந்து உரக்கக் கேட்டார்: "என்ன மொதலாளி, குதிரைக்காரன் லீவா?"

"நான்தான் தம்பி குதிரைக்காரன். எங்கப்பாவும் குதிரைக்காரருதான்."

அங்கே எழுந்த சிரிப்பு பாதியில் நின்றது. பெரியப்பா எவரையும் பார்க்கவில்லை. ராஜா மடங்கும்போதெல்லாம் தோள் கொடுத்துத் தாங்கி, "வாடா ராசா, இன்னுங் கொஞ்சம்" என்று கெஞ்சி நடத்தினார். மருத்துவர் அடிக்கடி நிறுத்தி வயிற்றோசை கேட்பார். தலையசைத்து மீண்டும் நடக்கச் சொல்வார். நடந்து நடந்து வெயிலும் தாழ்ந்துவிட்டது. இருமுறை ராஜா சாலையிலேயே விழப்போனது.

அந்நிலையில், சைக்கிள் கடை வாசலில், ராஜா நின்று வாலைத் தூக்கிச் சாணமிட்டது.

"குடல் அசைஞ்சிட்டுது, தப்பிட்டுது!" என்று மருத்துவர் கூவினார். பெரியப்பா குதிரையின் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டார்.

"என் வாசல்தானா கெடைச்சிச்சு?" என்று கேட்டுக்கொண்டே மண்வெட்டியோடு வந்தார் கடைக்காரர்.

மறுநாள் முதல் ராஜாவுக்குப் புல்லும் தண்ணீருமே உணவு. பெருமக்களுக்குக் காட்டுவது நின்றது. காலைதோறும் பெரியப்பா தாமே கடிவாளம் பிடித்துப் பேராதனைச் சாலையில் அதனை நடத்திச் சென்றார், மழையானாலும். ராஜாவின் தொப்பை கரைந்தது. அதன் தோல் மினுங்கத் தொடங்கியது.

இவற்றையெல்லாம் கண்டு நான் வந்த முடிவு ஒன்றே. "நாம ஏழையாயிட்டோமா, பெரியம்மா?" என்று கேட்டேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நெடுநேரம் சிரித்தார். நான் ராஜாவுக்காக இரங்கினேன். முன்பு வெல்லம் தின்று மன்னர்போல் நின்றது, இப்போது மழையில் நடக்கிறதே. பெரியப்பாவுக்கு அதன்மேல் இருந்த அன்பு போய்விட்டதே என்று வருந்தினேன்.

நாளிலோ இடத்திலோ யான் பிழைபட எழுதியிருந்தால், அறிந்தவர்கள் பொறுத்துத் திருத்துவார்களாக. தாத்தா கடிவாளம் பிடித்து நின்ற அந்தப் பழைய குதிரையின் பெயர் எங்களுள் எவருக்கும் தெரியாது; கேட்டுவைக்க எவருக்கும் தோன்றவில்லை. ஹேவாஹெட்டப் பக்கத்தில் அதனை அறிந்தவர் எவரேனும் இருப்பின், அக்குறையையும் நிறைவுசெய்ய வேண்டுகிறேன்.