சூடம் அணைத்த கை

இடைத்தேர்தல் அறிவித்த பிறகு என் தையல் மிஷினுக்கு வேலையே இல்லாமல் போனது. ஊருக்கோ திருவிழா. தெருமுனை வரை வெள்ளைக் கார்கள், கல்யாண மண்டபத்தில் மூன்று வேளையும் பந்தி, மாடி இருந்த வீட்டிலெல்லாம் வெளியூர்க் கட்சிக்காரர்கள். எங்கள் தெருச் சாக்கடைக்கு நான் வாக்கப்பட்டு வந்த நாள் முதலாய்ப் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தது அந்த மாதம்தான். மந்திரிகள் வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றார்கள். இத்தனை கூத்துக்கு நடுவில் என் வீட்டு வாசலை மட்டும் ஒருத்தியும் மிதிக்கவில்லை. ஜாக்கெட் தைக்க வருகிறவள், சேலைக்கு ஓரம் அடிக்க வருகிறவள், கொக்கி பிய்ந்தால் ஓடி வருகிறவள், ஒருத்தியையும் காணோம். நான் மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துத் திரும்ப எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரரின் வலது கைதான் காரணம்.

அவர் கட்சியில் கிளைச் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கொடிக்கம்பத்துக்குப் பெயிண்ட் அடிப்பதும், கூட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவதும், திராட்சைப் பந்தலில் நாள் முழுக்கக் கவாத்து வெட்டிவிட்டு வந்து அந்தக் களைப்போடு சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதும்தான் அந்தப் பதவி. முந்தின பொதுத்தேர்தலில் கட்சி நிறுத்தியவர் எங்கள் பக்கத்துக்காரர் இல்லை. தெருவுக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. காளியம்மன் கோவில் முன்னால் பேச்சு வந்தபோது எதிர்வீட்டு மாமா கேட்டே விட்டார்.

"ஏப்பா, ஓட்டப் போட்டு அனுப்புறோம். நடுவுல நம்மள விட்டுட்டு ஓடிப்போனாருன்னா நாங்க யார்கிட்டப்பா போயிக் கேக்குறது?"

"ஓட மாட்டாக மாமா. அதுக்கு நான் பொறுப்பு" என்றார் இவர். சொன்னதோடு நின்றிருக்கலாம். நேராகக் கோவிலுக்குள் போய்த் தட்டில் சூடம் ஏற்றி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். "அஞ்சு வருசத்துக்குள்ள அவுக நம்மள விட்டுப் போனாகன்னா இந்தக் கை வெளங்காமப் போகட்டும்" என்று தெரு பார்க்கச் சத்தியம் செய்து சூடத்தை அணைத்தார்.

சூடம் அடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டும் படாமல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். இவர் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தீ அணைந்த பிறகும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கொப்புளத்தில் தேங்காய் எண்ணெய் தடவும்போது, "அந்தாளு ஜெயிக்க உங்க கைதான் கெடச்சுதா?" என்று வாய் ஓயாமல் திட்டினேன். திட்டினாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். சொன்ன சொல்லுக்கு இப்படிக் கையைக் கொடுக்கிற மனுஷன் நம் வீட்டில் இருக்கிறான் என்ற பெருமை.

ஜெயித்தவர் பாதியிலேயே ராஜினாமா செய்தார். எங்களுக்கு டிவியில் பார்த்துத்தான் தெரியும். சில நாளில் வேறு கட்சித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். தொகுதி மக்களின் நன்மைக்காக எடுத்த முடிவு என்றார். அந்த நன்மை நேரே வந்து என் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து இவர் தெரு வழியாக நடப்பதை விட்டார். கொல்லைப்புறச் சந்து வழியாகத் தோட்டத்துக்குப் போவார், அதே சந்து வழியாகத் திரும்புவார். டீக்கடை கிடையாது. வலது கைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மனதுக்குள் பயம் வேறு. ஒருநாள் தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோனபோது பார்த்தேன், கவாத்துக் கத்திரியை இடது கையில் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஏங்க, சாமிக்குக் கண்ணு இல்லையா? தண்டிச்சா ஓடிப்போன ஆளத் தண்டிக்கும். உங்களயா தண்டிக்கும்?"

"சத்தியம் பண்ணுனது அவுக இல்ல. நான்" என்றார். இவ்வளவு ஆன பிறகும் 'அவுக'தான். "தெருக்காரவுக என்னய மன்னிச்சாத்தான் நான் வெளியில தலகாட்ட முடியும்" என்றும் சொன்னார்.

வேலை இல்லாமல் கை நமநமத்ததால் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் தையல்காரரிடம் ஏதாவது வேலை கேட்கலாம் என்று போனேன். தெரிந்தவர்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நல்ல நேரத்துல வந்தம்மா, வேல தலைக்கு மேல கெடக்கு. பூராம் எலக்சன் சேல. ஓட்டுப் போட உடுத்திட்டுப் போகணும்னு அவசரப்படுத்துறாக" என்று ஒரு மூட்டையை என் பக்கம் தள்ளினார்.

எல்லாம் ஒரே கத்தரிப்பூ நிறத் துணி. ஒவ்வொன்றோடும் அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட் சேர்த்து முடிந்திருந்தது. மேலே இருந்ததை எடுத்தேன். கொக்கிப் பட்டியைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. நான் தைத்தது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் நான் தைத்தது. எதிர்வீட்டு அத்தைக்கு ஒரு தோள் இறக்கம், அதற்காக நான் கூடுதலாகப் பிடித்திருந்த மடிப்பு அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு முதுகில் கயிறு வைத்து நான் கட்டிய குஞ்சம் கூட இருந்தது. எங்கள் தெருவே அந்த மூட்டைக்குள் இருந்தது.

ராஜினாமா செய்தவர் போய்ச் சேர்ந்த கட்சி ஓட்டுக்காகக் கொடுத்த சேலை அது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. தெருவுக்கு எங்கள்மேல் கோபமில்லை, எங்களைப் பார்க்கக் கூச்சம். அந்தத் துணியை என்னிடம் நீட்ட முடியாமல் பஸ் ஏறி வந்து இங்கே கொடுத்திருக்கிறார்கள். திருடினவளைப்போல மூட்டையைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "உங்க மேல யாருக்கும் கோவம் இல்லங்க. எல்லாரும் சேல வாங்கிருக்காக. நம்மகிட்ட வர வெக்கப்படுறாக, அம்புட்டுத்தான்." மனசு லேசாகும் என்று நினைத்தேன். அவர் அதையும் தன் தலையிலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். "என் சொல்லு பொய்யாப் போனதாலதான அவுக சேல வாங்கிட்டாக" என்றார். அந்த மனுஷனோடு யார் மல்லுக்கட்டுவது?

ஓட்டுப்போடும் நாளன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னோடு தெரு வழியாகவே வந்தார். பள்ளிக்கூடத்து வாசலில் நீள வரிசை. பாதிக்கு மேல் கத்தரிப்பூ நிறம். என்னைப் பார்த்ததும் ஒவ்வொருத்தியும் முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள். மூடி என்ன, தையல் சரியில்லை, கை இடுக்கில் சுருக்கம் விழுந்திருந்தது. அந்த நேரத்திலும் என் கண் அங்கேதான் போனது.

இவர் வரிசைக்குள் நிற்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"எல்லாரும் என்னய..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இறக்கினார். "யோவ், வரிசைல நிக்கிறவங்ககிட்ட வந்தா ஓட்டுக் கேக்குற? உள்ள தூக்கி வச்சிருவேன்!" கட்சிக்காரன் கையைக் கூப்பினால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் மனசு கேட்கவில்லை. முந்தானையை விட்டுவிட்டு வரிசையிலிருந்து வெளியே வந்தாள். "ஐயோ சார், அண்ணன் ஓட்டுக் கேக்கல. பாவம், அன்னிக்குச் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுனாக. அந்தாளு போயிட்டாரு. அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்திருக்காக" என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, பிள்ளையைத் தேற்றுகிற குரலில் சொன்னாள். "அதயாண்ணே இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கீக? எலக்சன்னா எல்லாருஞ் சொல்றதுதானண்ணே. அன்னிக்கே நாங்க யாரும் அத நம்பல. நீக சங்கடப்படாதீக."

"ஆமாப்பா" என்றார் எதிர்வீட்டு மாமா. "நீ வந்து வரிசைல நில்லு."

அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். காறித் துப்பியிருந்தால் கூட இவர் வாங்கிக்கொண்டு நிமிர்ந்திருப்பார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். ஓட்டுப் போட்டார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். வலது உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏ புள்ள, நீயும் அன்னிக்கு நம்பலயா?"

"நம்புனேங்க" என்றேன்.

சத்தியமாக நம்பியிருந்தேன். அந்தக் கொப்புளத்துக்கு எண்ணெய் போட்டவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் என் குரலும் பக்கத்து வீட்டுக்காரியின் குரலைப்போலவே ஒலித்தது. அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறவர்களைப் பார்க்கும் பார்வை அது. "சரி, விடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.