மூன்றாம் தடவை கேட்டால் வாங்கிக்கொள்ளலாம்

என் கணவர் வெர்லின் யாரிடமும் 'எனக்கு வேண்டும்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்குப் பாத்திரம் தள்ளி இருந்தால், அது இல்லாமலேயே சாப்பிட்டு எழுந்துவிடுவார். எங்கள் மினசோட்டா பக்கத்தில் இதற்குப் பெயர் மரியாதை. நான் வைத்திருக்கும் பெயர் வேறு.

வங்கிக் கடனில் பன்றிக் கொட்டகை கட்டினோம். கொட்டகைதான் எங்களுடையது, பன்றிகள் லோவெலுடையவை. குட்டியும் தீவனமும் அவர் தருவார், கூலிக்கு வளர்த்துக் கொடுப்பது நாங்கள். சின்ன வயதிலிருந்தே வெர்லினும் அவரும் தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள்.

கொரோனா வந்து இறைச்சி ஆலையை மூடிவிட்டார்கள். விற்க வழியில்லாமல் பன்றிகள் பெருத்துக்கொண்டே போயின. கடைசியில் கொன்று புதைக்க வேண்டியதாயிற்று. லோவெல் முதுகுவலி என்று வரவில்லை. வெர்லின்தான் செய்தார். வீட்டுக்கு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுக்களையில் நின்றார்.

பிறகு அரசாங்கம் நிவாரணப் பணம் கொடுத்தது. மாவட்ட விவசாய அலுவலகத்துக்கு நான்தான் போனேன். பன்றி யாருடையதோ அவருக்குத்தான் பணம் என்றாள் அங்கிருந்த பெண். பாவம், அதே பதிலைச் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அலுத்திருந்தது. ஆக, பணம் லோவெலுக்கு. எங்களுக்குக் காலிக் கொட்டகை, கூலியும் கிடையாது. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். எங்களைக் கொட்டகை தின்றது. அறுவடைக்குள் தவணை கட்டாவிட்டால் அதுவும் கைவிட்டுப் போய்விடும்.

"லோவெல்ட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றேன்.

"அவனுக்கே தெரியும்."

"தெரிஞ்சு? அழுத பிள்ளைக்குத்தான் பால்."

"எனக்கு அழத் தெரியாது, ஆர்டிஸ்."

ஜூலையில் லோவெல் தானாகவே வந்தார்.

"காப்பி சாப்பிடறீங்களா?" என்றேன்.

"வேண்டாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்."

"போட்டு வச்சதுதான்."

"பரவாயில்ல, பரவாயில்ல."

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

"இவ்வளவு சொல்றே. சரி, அரை கப்."

எங்கள் ஊரில் எதையும் இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாம் தடவையும் கேட்டால் வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கை நீட்டுகிறவன் அலைகிறவன். கொடுப்பவருக்கும் இது தெரியும். நான் காப்பி எடுக்க உள்ளே போனேன். ஜன்னல் திறந்திருந்தது.

"வெர்லின், அந்த நிவாரணப் பணத்துல உனக்குக் கொஞ்சம் தரலாம்னு பாக்கறேன்."

"அதெல்லாம் எதுக்கு. எங்க பாடு ஒண்ணும் மோசமில்ல."

"வேலையெல்லாம் நீதானே செஞ்சே. வாங்கிக்கப்பா."

"வேண்டாம் லோவெல். சமாளிச்சுக்குவோம்."

நான் கோப்பையோடு அப்படியே நின்றேன். இன்னும் ஒரே ஒரு தடவை. கேளேன் மனுஷா. வெளியே வெர்லினும் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"அப்ப சரி" என்றார் லோவெல். "மழை வரும் போலிருக்கே."

அரை கப் கேட்டவர் முழுக் கோப்பையையும் குடித்தார், மேலே ஒரு துண்டு கேக். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் நானும் இந்த ஊர்க்காரிதானே. இன்னொரு கப் வேண்டுமா என்றுதான் கேட்க வந்தது. எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

"திரும்ப வந்து கேப்பான்" என்றார் வெர்லின், லோவெல் போன பிறகு.

வந்தார். சோளம் அறுக்கிற சமயம். தவணை கட்டாமல் கிடந்தது.

"கொட்டகைய நானே எடுத்துக்கட்டுமா வெர்லின்? கடன நான் பாத்துக்கறேன். நீ மாசச் சம்பளத்துக்குப் பன்னிங்கள பாத்துக்க."

நான் என் கணவர் முகத்தையே பார்த்தேன். இரண்டு தடவை மறுப்பார், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று இருந்தேன்.

"சரி" என்றார், முதல் தடவையிலேயே.