காலிக் கல்லறையில் அழுதவள்

ஈஸ்டர் முடிந்த வாரம், சைதாப்பேட்டையில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் நான்தான் வசனத்துக்கு விளக்கம் சொன்னேன். இயேசுவின் கல்லறை காலியாகக் கிடப்பதைப் பார்த்த பெண், உடலை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று அழும் இடம்.

"அது விசுவாசக் குறைவு" என்று பெரிய போதகர் மாதிரி அடித்துச் சொன்னேன்.

பாயில் உட்கார்ந்திருந்த அந்த வீட்டு அம்மா நிமிர்ந்தார்.

"என் வூட்டுக்காரரப் பொதச்ச குழியிலயே வேற ஆளப் பொதச்சிட்டாங்க பிரதர். எடம் இல்லியாம். பூ எடுத்துக்கினு போனா, சிலுவையில வேற பேரு கீது. அவரு எலும்பு எங்கன்னு கேட்டா யாருக்கும் தெரில. அங்கயே நின்னு அழுதேன். எனக்கும் விசுவாசம் இல்லியா?"

நான் விளக்கிய அதே பகுதியில், கல்லறையில் அழுதவளிடம் தேவதூதர்கள்கூட ஏன் அழுகிறாய் என்றுதான் கேட்டார்கள். எனக்குத்தான் அதைக் கேட்கத் தோன்றவில்லை.