ஒரு விரற்கடை வெள்ளை மணல்

ஹஜ்ஜுப் பெருநாளன்று பகல் பதினொன்று பத்துக்கு அந்தப் பிழையைச் செய்தேன். குர்பான் இறைச்சிப் பங்குகள் வந்தபடியே இருந்தன, பிரிட்ஜில் இடமில்லை. கீழ்த்தட்டில் மகளின் சேற்றுக் குழாய். கொஞ்ச நேரம் வெளியே இருந்தால் என்ன என்று இழுத்தேன். கையெல்லாம் கொழுப்பு. வழுக்கிவிட்டது. நீளவாக்கில் பாதியாகப் பிளந்திருந்த அந்தப் பைப்புக்குள் உறை சுற்றிக் கிடந்த கறுத்த மண், நாலு துண்டாகி நிலத்தில் விழுந்தது.

மகள் கம்பஸில் ஆராய்ச்சி செய்கிறாள். ஊருக்குப் பின்னால் இருந்த பன் புல் சதுப்பில் குழாயை இறக்கி எடுத்த மண் அது. செடிகள் மக்கி மக்கிப் படிந்தது. இலையின் மேல் இருக்கும் மெழுகு எத்தனையோ தலைமுறை கழிந்தும் அதற்குள் அழியாமல் கிடக்குமாம். அதைப் பிரித்துப் பார்த்தால், எந்தக் காலத்தில் பன் நின்றது, எப்போது கண்டல் நின்றது, மழை பொய்த்த காலம் எது என்றெல்லாம் சொல்லலாமாம்.

"ஊரெல்லாம் மண்ணப் போட்டுச் சதுப்ப நிரப்புது, உன்ட மகள் அதத் தோண்டி வீட்டுக்குக் கொண்டு வாறா" என்று இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "ஒருத்தரும் தொடப்படா உம்மா. கை எண்ணெய்ப்பசை பட்டாலே கணக்குப் பிழைச்சிரும்" என்றாள். நானும் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள்தான். பெருநாள் பரபரப்பில் படித்ததெல்லாம் எங்கே போனதோ.

குனிந்தபோது வாசம் முகத்தில் அடித்தது. ஊறிய தேங்காய் மட்டையின் வாசம். சின்ன வயதில் பாய்க்குப் பன் வெட்ட, எனக்கு மூத்தவள் ராத்தாவோடு போவேன். எனக்கு அட்டைப் பயம். கத்தியைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பதுதான் என் வேலை. "கால வெச்சா உடன எடுத்திரணும், நின்டா சேறு புடிச்சிரும்" என்று சிரித்தபடி அவள் இடுப்பளவில் இறங்குவாள்.

கடல் ஊருக்குள் வந்த மூன்றாம் நாள், ராத்தாவை அங்கேதான் எடுத்தோம். தலைமுடிக்குள் எல்லாம் வெள்ளை மணல். சதுப்பு முழுக்க அந்த மணல்தான், கறுத்த சேற்றின் மேல் துணி விரித்தது போல. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. பிள்ளைகளிடம் கதைத்ததும் இல்லை.

துண்டுகளில் ஒன்றின் குறுக்கே ஒரு விரற்கடை அளவுக்கு வெள்ளை மணல் ஓடியது. அதை மட்டும் யோசிக்காமல் மேல்பக்கம் வைத்தேன். மற்ற மூன்றும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. கொழுப்புக் கையால் ஒட்டி, அழுத்தி, உறையைச் சுற்றினேன். பிறகுதான் செய்தது உறைத்தது. இன்னொரு குழாய் இறக்க இனி இடமில்லை. போன மாதமே சதுப்பு முழுக்கக் கிறவல் மண் கொட்டி, உருளை ஓட்டி, அளவுக்கல்லும் நட்டுவிட்டார்கள்.

மாமி வீட்டுக்கு இறைச்சி கொண்டுபோன மகள் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தாள். குழாய் விழுந்ததைச் சொன்னேன். உறையைப் பிரித்து மணந்து பார்த்தாள்.

"கொழுப்பு ஊறிட்டு. இனி எதுக்கும் உதவா" என்றாள். என்மேல் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மற்ற மூன்று துண்டுகளையும் எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தாள். பிறகு மணல் ஓடிய துண்டின் மேல் விரலை வைத்தாள்.

"இத மட்டும் சரியா வெச்சிரிக்கீங்க. மேலுக்கு வாறது இதுதான் எண்டு எப்பிடி உம்மா தெரியும்?"